ஊர் கேட்டால் இறகு சொல்லும்

அமெரிக்காவில் ஒரு குருவி இருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தால் சுமார் 15 சென்டிமீட்டர். எடை ஏறக்குறைய 12 கிராம். அதாவது ஒன்றரைப் பவுன் நகையின் கனம்!

பார்த்து மயங்க அதனிடம் ஒன்றும் இல்லை. முதுகு பச்சை கலந்த பழுப்பு. வயிறு வெளிர் மஞ்சள். பாட்டும் பிரமாதம் இல்லை. யாரோ தும்மியதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

இந்தக் குருவியின் மேல் 2015ஆம் ஆண்டில் ஒரு மனு போடப்பட்டது. மனுப் போட்டவர்கள் சாமானியர்கள் அல்ல. கட்டடத் தொழில் சங்கங்களும் மாட்டுப் பண்ணைக்காரர் சங்கங்களும் ஒன்று சேர்ந்து நின்றன. "இந்தக் குருவிக்குக் கொடுத்திருக்கும் பாதுகாப்பைச் சர்க்கார் நீக்க வேண்டும்" என்று கேட்டன.

என்ன காரணம் சொன்னார்கள்? "இது தனி இனமே அல்ல!" என்றார்கள்.

ஒரு குருவி எந்தக் குலம் என்பதைப் பற்றி மனிதர்கள் வழக்காடுவதா? கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்தக் குருவிக்கு அது உயிர்ப் பிரச்சினை.

நான்கு கிளை

குருவியின் பெயர் வில்லோ ஈப்பிடிப்பான். வில்லோ என்பது ஆற்றங்கரையில் நாணல்போல் நெருங்கி வளரும் ஒரு மரம். அதில் கூடு கட்டும். பறக்கும் பூச்சியை அந்தரத்திலேயே பிடித்துத் தின்னும். அதனால் வந்த பெயர்.

கோடையில் அமெரிக்காவில் குஞ்சு பொரிக்கும். குளிர் வருமுன் தெற்கே மத்திய அமெரிக்காவை நோக்கிப் பறந்துவிடும். மறு கோடையில் திரும்பி வரும். ஒன்றரைப் பவுன் உடம்பில் இத்தனை தெம்பு!

இதில் நான்கு கிளைகள் உண்டு என்பது பறவை நிபுணர்களின் கணக்கு. கிழக்கே ஒன்று. மலைநாட்டில் ஒன்று. வடமேற்குக் கடலோரம் ஒன்று. நான்காவது, தென்மேற்கே அரிசோனா, நியூ மெக்சிகோ, தென் கலிபோர்னியா முதலிய பாலைப் பிரதேசங்களில் இருப்பது. 1948ல் ஆலன் பிலிப்ஸ் என்ற அறிஞர்தான் இந்த நான்காவது கிளைக்குத் தனிப் பெயர் சூட்டினார்.

பாலையில் ஆறு என்பது அபூர்வம். அந்த ஆற்றிலும் அணை கட்டினார்கள். தண்ணீரை வயலுக்கும் நகரத்துக்கும் திருப்பினார்கள். கரையில் முளைத்த வில்லோக் கன்றுகளை மாடுகள் மேய்ந்தன. போதாக்குறைக்கு இன்னொரு விரோதியும் சேர்ந்துகொண்டது.

காக்கையின் கூட்டில் குயில் முட்டையிடும் கதை எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் 'கௌபேர்ட்' என்று ஒரு பறவை உண்டு. மாட்டு மந்தையோடு திரிவதால் மாட்டுப் பறவை என்று பெயர். அதற்கும் குயிலின் புத்தி. ஈப்பிடிப்பான் கூட்டில் முட்டையிட்டுப் போய்விடும். பாவம், ஈப்பிடிப்பான் அந்தப் பெரிய குஞ்சுக்கு ஊட்டி ஊட்டித் தன் குஞ்சைப் பறிகொடுக்கும்.

இப்படிப் பல பக்கமும் அடிபட்டுத் தென்மேற்குக் கிளை மெலிந்துபோயிற்று. 1995ல் அமெரிக்க சர்க்கார் அதை அழியும் நிலையில் உள்ள பிராணிகளின் பட்டியலில் சேர்த்தது. 2013ல் சுமார் 1,975 கிலோமீட்டர் நீளமுள்ள ஆற்றோரங்களை அதன் முக்கிய வாழிடம் என்று குறித்தது.

அங்கேதான் சிக்கல். ஆற்றோர நிலம் என்றால் வீடு கட்டுகிறவருக்கு வேண்டும். மாடு மேய்ப்பவருக்கு வேண்டும். பட்டியலில் குருவி இருக்கும்வரை நினைத்ததை நினைத்தபடி செய்ய முடியாது. மற்ற மூன்று கிளைகளுக்கும் இப்படி ஆபத்து இல்லை. ஆகவே நான்காவது கிளை தனி அல்ல என்று காட்டிவிட்டால் போதும். கிழக்கே வேண்டிய மட்டும் குருவி இருக்கிறதே, தென்மேற்கில் காப்பானேன் என்று கேட்டுவிடலாம்.

மனுக்காரர் பக்கம் விஞ்ஞானி இல்லாமல் இல்லை. "ஒரு கிளை எங்கே முடிகிறது, மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியவில்லை. ஒன்றோடொன்று கலந்து போகிறது" என்பது வாதம். வாதம் அற்பமானதல்ல. பண்ணைக்காரரின் பிழைப்பும் அற்பமானதல்ல. ஆனால் கேள்விக்கு உண்மையான பதில் வேண்டும். பதிலை யார் சொல்வது?

கண்ணை நம்ப முடியாது. இந்தக் குருவியின் பங்காளி ஒன்று உண்டு. அச்சில் வார்த்ததுபோல் அதே உருவம். பாட்டு மட்டும் வேறு. இரண்டும் ஒரே இனம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1973ல்தான் தனித்தனி இனம் என்று பிரித்தார்கள். கற்றறிந்த நிபுணர்களின் கண்ணே இப்படி ஏமாந்தது!

காலில் ஒரு வளையம்

வலசை போகும் பறவை எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது பழைய ஆசை. 1899ல் டென்மார்க் நாட்டில் மார்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர் ஒரு வழி செய்தார். மைனா இனத்துப் பறவைகளைப் பிடித்தார். எண் பொறித்த அலுமினிய வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிட்டார். வேறு ஊரில் யாராவது அதைப் பிடித்தால் எண்ணைப் பார்த்துத் தகவல் சொல்லலாம் அல்லவா?

அந்த முறை உலகெங்கும் பரவியது. நம் கோடிக்கரையிலும் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டியிருக்கிறார்கள்.

நல்ல முறைதான். ஆனால் வளையம் பேச வேண்டுமானால் அதே பறவை மறுபடி மனிதன் கையில் சிக்க வேண்டும். வாத்து, நாரை போன்ற பெரிய பறவையானால் சிக்கும். கையளவுக் குருவி சிக்குமா? ஆயிரம் குருவிக்கு வளையம் மாட்டினால், தொலைதூரத்தில் ஒன்று கிடைப்பதே அபூர்வம். கடலில் கடுகைத் தேடும் கதை! முதுகில் கருவி கட்டி அனுப்பும் முறையும் வந்திருக்கிறது. எட்டு கிராம் பறவை எவ்வளவு சுமையைத் தூக்கும்?

அப்போதுதான் சிலருக்கு ஒரு யோசனை வந்தது. பறவையின் காலில் நாம் எதற்குக் கட்ட வேண்டும்? பிறந்த ஊரின் முத்திரை அதன் உடம்பிலேயே இருக்கிறதே!

நூறு கோடி எழுத்து

பறவையின் உடம்பு கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. உயிரணுவுக்குள் டி.என்.ஏ. என்னும் மெல்லிய நூல் இருக்கிறது. தாய் தந்தையிடமிருந்து வரும் சொத்து அதுதான். அதில் நான்கே எழுத்துக்கள். அந்த நான்கும் முன்னும் பின்னுமாக மாறி மாறிக் கோடிக்கணக்கில் வரிசையாக நிற்கின்றன. ஒரு பறவைக்கு ஏறக்குறைய நூறு கோடி எழுத்து! மூக்கு எப்படி, இறகு எப்படி, வெயிலைத் தாங்குமா என்பதெல்லாம் அந்த எழுத்துக்களில் அடங்கியிருக்கிறது. இதைத்தான் மரபணு என்கிறார்கள்.

ஒரே இனத்துப் பறவைகளுக்கு இந்த எழுத்துக்கள் பெரும்பாலும் ஒன்றே. சில இடங்களில் மட்டும் ஊருக்கு ஊர் ஓர் எழுத்து மாறியிருக்கும்.

நம் ஊரிலேயே பார்க்கலாம். எல்லோரும் பேசுவது தமிழ்தான். ஆனால் ஒருவர் வாயைத் திறந்து "ஏலே" என்றால் நெல்லைச் சீமை. "ஏனுங்க" என்றால் கோவைப் பக்கம். முழுப் பேச்சையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு சொல் போதும்! மரபணுவிலும் அதே கதை. நூறு கோடி எழுத்தையும் ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டாம். ஊரைக் காட்டிக்கொடுக்கும் சில இடங்கள் எவை என்று தெரிந்துவிட்டால், அவற்றை மட்டும் பார்த்தால் போதும்.

அதற்கு இரத்தம்கூட வேண்டாம். ஓர் இறகு போதும். இறகின் அடிக்காம்பில் ஒட்டியிருக்கும் உயிரணுக்களிலிருந்தே டி.என்.ஏ.யை எடுத்துவிடலாம். பறவைக்கு மறுபடி இறகு முளைத்துவிடும்.

கிறிஸ்டன் ரூக் என்ற பெண் விஞ்ஞானியும் தாமஸ் ஸ்மித் என்ற பேராசிரியரும் அமெரிக்காவில் இந்த வேலையை முன்னின்று நடத்தினர். இறகுக்கு அவர்கள் அலைய வேண்டியிருக்கவில்லை. 1989 முதல் அந்நாட்டில் பல நூறு இடங்களில் கோடைதோறும் வலை கட்டிப் பறவைகளைப் பிடித்து எண்ணி விடுகிற திட்டம் ஒன்று நடந்து வருகிறது. சம்பளம் வாங்காத தொண்டர்களும் அதில் உண்டு. "வளையம் மாட்டும்போது வாலிலிருந்து ஓர் இறகையும் எடுத்து உறையில் போட்டு அனுப்புங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இறகு உறைகள் குவிந்தன. இன்று அந்தச் சேமிப்பு லட்சத்துக்கு மேல்.

முதலில் பேர் வாங்கியது வில்சன் கதிர்க்குருவி. மஞ்சள் நிறம். ஆணின் உச்சந்தலையில் கறுப்புக் குல்லாய் வைத்ததுபோல் ஓர் அடையாளம். எடை ஒரு பவுனுக்கும் குறைவு. இதன் மரபணுவில் 96 இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த 96 எழுத்துக்களைப் படித்தே, இந்த இனத்தில் ஆறு தனித்தனிக் கூட்டங்கள் உண்டு என்று 2014ல் சொன்னார்கள். வசந்த காலத்தில் அரிசோனாவில் கொலராடோ ஆற்றோரம் வந்திறங்கும் குருவிகள் பார்வைக்கு ஒரே மந்தைதான். இறகைப் படித்தால் கலிபோர்னியாக் கூட்டம் முந்தி வருகிறது. அலாஸ்காக் கூட்டம் பிந்தி வருகிறது. ஒரே சத்திரம்தான். வாரத்துக்கு வாரம் வேறு விருந்தாளி!

இதனால் என்ன லாபம்? வட அமெரிக்காவில் 1970க்குப் பிறகு சுமார் 300 கோடிப் பறவைகள் குறைந்துபோயின என்று 2019ல் ஒரு பெரிய ஆய்வு சொல்லிற்று. குறைவது தெரிகிறது. எங்கே சாகிறது? கூடு கட்டும் ஊரிலா, போகும் வழியிலா, குளிர்காலத்தில் தங்கும் காட்டிலா? அது தெரியாமல் பணத்தைக் கொட்டினால் தலைவலிக்குக் காலில் பற்றுப் போட்ட கதைதான். மத்திய அமெரிக்காவில் ஒரு தோப்பில் பிடித்த குருவியின் இறகு, அது பிறந்த கூட்டம் எது என்று சொல்லிவிட்டால், இரண்டு ஊரையும் சேர்த்துக் காக்கலாம்.

தீர்ப்பு

ஈப்பிடிப்பான் வழக்குக்கு வருவோம்.

இரண்டு ஆண்டுக்கு மேல் பரிசீலனை நடந்தது. நிறம், பாட்டு, வாழும் இடம், அதுவரை தெரிந்த மரபணுச் செய்தி எல்லாவற்றையும் வனவிலங்கு இலாகா சீர்தூக்கிப் பார்த்தது. 2017 டிசம்பரில், "தென்மேற்குக் குருவி தனிக் கிளையே. பாதுகாப்பு நீடிக்கும்" என்று முடிவு சொல்லி மனுவைத் தள்ளிற்று.

மறு ஆண்டே, 2018ல், ரூக் குழுவினரின் ஆராய்ச்சி வெளிவந்தது. ஈப்பிடிப்பான் வாழும் பல பகுதிகளிலிருந்தும் மரபணு மாதிரிகளை எடுத்து எழுத்துக்களை ஒப்பிட்டார்கள். பிறகு ஒரு படி மேலே போனார்கள். ஒவ்வொரு பகுதியின் வெயிலையும் மழையையும் அந்த எழுத்துக்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எழுத்தும் சீதோஷ்ணமும் சேர்ந்தே மாறுவது தெரிந்தது. அவற்றுள் சில, பறவை உஷ்ணத்தைத் தாங்குவதோடு சம்பந்தப்பட்ட மரபணுக்கள்!

உலகம் சூடேறி வருவது தெரிந்ததே. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலையில் அந்தக் கொடுமை அதிகம். வரப்போகும் வெயிலுக்கு ஈடு கொடுக்க எந்தக் கிளை அதிகமாக மாற வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். விடை: தென்மேற்குக் கிளை. ஏற்கெனவே கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் அங்கங்கே சிதறிக் கிடக்கிறது. அதன் தலையில்தான் பெரிய சுமையும்.

"கிழக்கே வேண்டிய மட்டும் குருவி இருக்கிறதே" என்ற பேச்சு இங்கே அடிபட்டுப் போகிறது. கிழக்கத்திக் குருவியின் எழுத்து கிழக்கத்திச் சீதோஷ்ணத்துக்கு ஒத்தது. பாலையில் வாழ்ந்து பழகிய எழுத்து பாலைக் குருவியிடம்தான் இருக்கிறது. அது தொலைந்தால் வேறு எங்கும் வாங்க முடியாது.

மஞ்சள் கதிர்க்குருவியைப் பற்றியும் அதே 2018ல் இப்படியே ஓர் ஆய்வு வந்தது. சீதோஷ்ணத்துக்கும் எழுத்துக்கும் பொருத்தம் குறைவாக உள்ள இடங்களில் அந்தக் குருவி ஏற்கெனவே குறைந்து வருகிறது என்றது. மற்றச் சில விஞ்ஞானிகள் உடனே ஆட்சேபித்தார்கள். இன்றைய எழுத்தைக் கொண்டு நாளைய சாவைக் கணிக்க இந்தக் கணக்கு போதுமா என்பது அவர்கள் கேள்வி. ஆட்சேபிக்க வேண்டியதுதான். இது சோதிடம் அல்ல. கணிப்பு. கணிப்பு தவறலாம்.

இன்னொரு அபாயமும் உண்டு. "இந்தக் கிளைக்கு எப்படியும் ஆயுள் கெட்டி இல்லை. அதற்கு ஏன் செலவு?" என்று கேட்க ஆள் வருவார்கள். பிள்ளைக்கு ஜாதகத்தில் கண்டம் என்று சோதிடர் சொன்னால் எந்தத் தாயாவது சோறு போடுவதை நிறுத்துவாளா? ஆபத்து அதிகம் என்று தெரிந்தால் கவனமும் அதிகமாக வேண்டும். எழுத்தைப் படித்தவர்களின் நோக்கமும் அதுதான்.

வண்டு செய்த வேலை

எழுத்தைப் படிப்பது நோயை அறிவது. மருந்து வேறு. அதற்கு ஒரு கதை உண்டு.

நம் கிராமங்களில் சீமைக் கருவேல மரம் படுத்தும் பாடு தெரியும். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே வந்தது. பதிலுக்குப் பதில் என்பதுபோல், ஆசியாவிலிருந்து அங்கே போன புதர் ஒன்று உண்டு. டாமரிஸ்க் என்று பெயர். மண் அரிப்பைத் தடுக்கட்டும், அழகாக இருக்கட்டும் என்றுதான் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுபோனார்கள். ஆற்றங்கரையெல்லாம் அது பரவிவிட்டது. வில்லோ இருந்த இடத்தில் டாமரிஸ்க்!

அதை ஒழிக்க, அதன் இலையைத் தின்னும் ஒரு வகை வண்டைக் கொண்டுவந்து 2001ல் வெளியில் விட்டார்கள். வண்டு தன் வேலையைச் செவ்வையாகச் செய்தது. புதர்கள் மொட்டையாயின.

ஆனால் இதற்குள் வேறொன்று நடந்திருந்தது. வில்லோ கிடைக்காத ஈப்பிடிப்பான்கள் பல இடங்களில் டாமரிஸ்க் புதரிலேயே கூடு கட்டப் பழகிவிட்டன. கோடை நடுவில், கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும்போது, வண்டு வந்து இலையைத் தின்றுவிடும். பாலை வெயில் நேரே கூட்டின் மேல் விழும். களையைக் கொல்ல அனுப்பிய வண்டு குருவியின் கூரையைப் பிய்த்தது!

2010ல் அமெரிக்க விவசாய இலாகா அந்த வண்டுத் திட்டத்தை நிறுத்தியது. வண்டுக்கு உத்தரவு போட முடியுமா? அது தன்பாட்டில் ஆற்றோரமாகத் தெற்கே பரவிக்கொண்டு போயிற்று.

ஆகவே இப்போது பல ஆறுகளில், டாமரிஸ்க் மொட்டையாகும் இடத்தில் மறுபடி வில்லோ நடும் வேலை நடக்கிறது. வில்லோப் போத்து நட்டுத் தண்ணீர் விட்டால் சீக்கிரம் துளிர்க்கும். ஆனால் கூடு தாங்கும் அளவுக்கு அடர்ந்து நிற்கச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குத் தண்ணீர் ஆற்றில் இருக்க வேண்டும். அந்தத் தண்ணீருக்குத்தான் நகரமும் பண்ணையும் வரிசையில் நிற்கின்றன. இந்தப் பங்கீட்டில் குருவிக்கு ஒரு பங்கு உண்டு என்று சர்க்கார் கண்டிப்பாக இருக்க வேண்டும். 1,975 கிலோமீட்டரைத் தாளில் குறித்துவிட்டு ஆற்றை வறளவிட்டால் குருவிக்கு என்ன பயன்?

குளிர்கால வீட்டின் கதை இன்னும் கடினம். அது வேறு தேசம், வேறு சர்க்கார். அங்கே காடு வெட்டுகிறவனுக்கு அரிசோனாவைப் பற்றி என்ன தெரியும்? அங்கே பிடிபடும் குருவியின் இறகை வாங்கிப் படித்து, "இது எங்கள் ஊர்ப் பிள்ளை" என்று காட்டினால்தான் இரு தேசமும் உட்கார்ந்து பேச வழி பிறக்கும். அந்த வேலையும் தொடங்கியிருக்கிறது.

ஈப்பிடிப்பான் மே மாதத்தில் பாலை ஆற்றுக்கு வந்து சேரும். ஆகஸ்டு வாக்கில் புறப்பட்டுவிடும். இடைப்பட்ட வாரங்களில், விடியற்காலை இருட்டில், இடுப்பளவு புதரில் நின்று சிலர் மெல்லிய வலை கட்டுகிறார்கள். சிக்கிய குருவியை எடுத்து நிறுக்கிறார்கள். காலில் வளையம் மாட்டுகிறார்கள். வாலிலிருந்து ஓர் இறகை எடுத்து உறையில் போட்டு, மேலே தேதியும் இடமும் எழுதுகிறார்கள். பிறகு உள்ளங்கையை விரிக்கிறார்கள். குருவி பக்கத்து மரத்துக்குப் பறக்கிறது.

அந்த மரம் வில்லோவாக இருந்தால் நல்லது.